பாம்பென்று சொன்ன நாவு



பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பதையே வாழ்வாகக் கொண்டவர்கள் நாம். நம் தவறுகளைப் பிள்ளைகள் முன்னிலையில் ஒப்புக்கொள்வது நமக்கு எளிதாக வருவதில்லை. சென்ற ஆண்டு கடற்கரையில் நிகழ்ந்த ஒன்றை இங்கே எழுதத் துணிவதற்கு அதுவே காரணம். சொல்லப்போவது ஒரு கடற்புழுவைப் பற்றி. ஆயினும் அப்புழுவைக் காட்டிலும் நம் நாவைப் பற்றியே அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் மதரஸா மன்னார் வளைகுடாவை ஒட்டிய சிற்றூர் ஒன்றில், கீழக்கரைக்கு அதிகத் தொலைவில்லாத இடத்தில் இருக்கிறது. பிறை மாதத்தின் தொடக்கத்திலும் நடுவிலும், அதாவது அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாள்களில், கடல் மற்ற நாள்களைவிடக் கூடுதலாக வற்றும். அப்படியொரு விடுமுறை நாளில், சுப்ஹுத் தொழுகைக்குப் பின் பதினொரு மாணவர்களை அழைத்துக்கொண்டு கரையோரம் நடந்தோம். நீர் விலகிய இடத்தில் செத்த பவளக் கற்கள் தலைகாட்டிக் கிடந்தன. ஒரு சிறுவன் கல் ஒன்றைப் புரட்டினான். மறுகணமே "பாம்பு! பாம்பு!" என்று கூச்சல் எழுந்தது.

விரைந்து சென்று பார்த்தோம். முழங்கை நீளத்துக்குச் சற்றுக் கூடுதலாக, கறுப்பை ஒத்த பழுப்பு நிறத்தில், வழவழவென்று ஒன்று சுருண்டு கிடந்தது. நாம் ஒரு நொடியும் தாமதிக்கவில்லை. "கடல் பாம்பின் குட்டி. கடுமையான நஞ்சு உள்ளது. எல்லோரும் விலகுங்கள்" என்று தீர்ப்புச் சொன்னோம். ஒரு மாணவனின் கையிலிருந்த கம்பை வாங்கி நாமே அடித்தோம். அது மூன்று நான்கு துண்டுகளாக அறுந்தது. அறுந்த ஒவ்வொரு துண்டும் தனித்தனியே நெளிந்தது. அதன் தலைப்பக்கத்திலிருந்து வெண்ணிற நூல் போன்ற ஒன்று பீறிட்டு வெளியே விழுந்து, அதுவும் உயிருள்ளது போலத் துடித்தது. "குட்டி போடுது" என்றான் ஒருவன். பிள்ளைகள் அஞ்சி ஒதுங்கினார்கள்.

கல்லைப் புரட்டிய சிறுவன் மட்டும் விலகவில்லை. பாடத்தை மனனம் செய்வதில் வகுப்பிலேயே பின்தங்கியவன் அவன். தயங்கித் தயங்கிச் சொன்னான்: "ஹஜ்ரத், இது பாம்பு இல்ல. பாம்புக்குச் செதில் இருக்கும். கடல் பாம்புக்கு வால் துடுப்பு மாதிரி தட்டையா இருக்கும். இதுக்கு ரெண்டும் இல்லயே."

அதற்கு நாம் சொன்ன மறுமொழியை இப்போது எழுதவும் கூசுகிறது. "இந்தக் கவனத்தை நீ ஓதுற பாடத்துல காட்டியிருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்" என்றோம். எல்லோரும் சிரித்தார்கள். அவன் தலை குனிந்தான்.

அன்று இஷாத் தொழுகை முடிந்ததும் அச்சிறுவனின் பாட்டனார் பள்ளிவாசல் திண்ணையில் நம்மருகே வந்து அமர்ந்தார். இளமைக் காலம் முழுவதும் சங்கு குளித்தவர். பேரனுக்காகச் சண்டையிட வந்திருக்கிறார் என்றே எண்ணினோம். அவரோ மெல்லிய குரலில் பேசினார்.

"ஆலிம்சா, காலையில நீங்க அடிச்சதப் பேரன் சொன்னான். அது பாம்பில்ல. கல்லுக்கு அடியில கிடக்கிற புழு. பாம்பு மூச்சு வாங்க மேல வந்தே ஆகணும், இது வராது. நாங்க அத ஒன்னும் செய்யமாட்டோம், அதுவும் எங்கள ஒன்னும் செஞ்சதில்ல."

"நமக்குத் தெரியாமல் போய்விட்டது, மாமா" என்றோம்.

"தெரியாதது தப்பில்ல, ஆலிம்சா" என்றார் அவர். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. மீதியை நாமே நிரப்பிக்கொள்ள வேண்டியிருந்தது.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. தேவையின்றி ஓர் உயிரைக் கொல்வதற்கும் இறைவனிடம் கணக்கு உண்டு என்று பாடம் நடத்துபவர்கள் நாம். உறுதியாகத் தெரியாத ஒன்றை உறுதியாகச் சொல்லாதீர்கள் என்று மாதந்தோறும் குத்பாவில் எடுத்துரைப்பவர்களும் நாமே. இரண்டையும் ஒரே காலையில், அதுவும் பதினொரு பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது மீறியிருந்தோம்.

கல்லூரி ஒன்றில் விலங்கியல் கற்பிக்கும் நண்பர் ஒருவர் நமக்கு உண்டு. நடந்ததைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை. அடுத்த அமாவாசையை ஒட்டி ஒரு காலையில் உருப்பெருக்கிக் கண்ணாடியுடன் வந்தார். அச்சிறுவனையும் உடன் அழைத்துக்கொண்டோம். எங்கே தேடுவது என்று காட்டியவன் அவன்தான். ஏழெட்டுக் கற்களைப் புரட்டிய பிறகு அதே போன்ற ஒன்று கிடைத்தது. நண்பர் அதைக் கையால் இழுக்கவில்லை. நோன்புக் கஞ்சி குடிக்கும் வெள்ளைக் கோப்பை ஒன்றில் கடல்நீரை நிரப்பி, அது தானாக வழுகி உள்ளே இறங்கும்படி செய்தார். பிறகு, "இது எது என்று கேட்பதற்கு முன், எதுவெல்லாம் இல்லை என்று பார்ப்போம்" என்றார்.

பாம்புக்கு முதுகெலும்பும் செதிலும் உண்டு. கடல் பாம்பும் நுரையீரலால் மூச்சு விடுவது. இதற்கு எலும்பு இல்லை, செதில் இல்லை. விலாங்கு மீனுக்குச் செவுளும் துடுப்பும் இருக்கும். இதற்கு அவையும் இல்லை. ஆகவே இது புழு இனம். ஆனால் எந்தப் புழு?

மண்புழுவின் உறவான வளைதசைப்புழுக்கள் கடலிலும் ஏராளமாக வாழ்கின்றன. அவற்றின் உடல் வளையம் வளையமாகப் பிரிந்திருக்கும். கடலில் வாழ்பவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு இரு பக்கமும் மயிர் போன்ற முட்கள் வரிசையாக இருக்கும். நம் கோப்பையில் இருந்ததற்கு வளையமும் இல்லை, முள்ளும் இல்லை. தட்டைப்புழுக்கள் என்று வேறோர் இனம் உண்டு. கடலில் காணப்படுபவை பெரும்பாலும் இலை போல அகன்று மெல்லியவை. அவற்றுக்கு உணவு உட்செல்லவும் கழிவு வெளியேறவும் ஒரே வாய்தான். நம் புழுவுக்கோ வாயும் கழிவுவாயும் தனித்தனியே உண்டு.

"அப்படியானால் இது ரிப்பன் புழு" என்றார் நண்பர். உடனே நமக்கு நாடாப்புழு நினைவுக்கு வந்தது. அவர் தலையசைத்து மறுத்தார். மனிதர், கால்நடைகளின் குடலில் ஒட்டி வாழும் நாடாப்புழு தட்டைப்புழு இனத்தைச் சேர்ந்தது. அதற்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. ரிப்பன் புழுவோ தனித்தொகுதி. தானே வேட்டையாடி உண்பது. ரிப்பனும் நாடாவும் பொருளால் ஒன்றே. புழுக்கள் இரண்டும் ஒன்றல்ல. அறிவியலார் இத்தொகுதியை நெமர்டியா என்பர். உலகில் இதுவரை ஏறத்தாழ 1,300 இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. பெரும்பாலானவை கடலில் வாழ்பவை.

இத்தொகுதியின் தலையாய அடையாளம் அதன் துதிக்கை. குடலுக்கு மேலே நீர் நிறைந்த ஓர் உறைக்குள் அது மடங்கிக் கிடக்கும். இரை எதிர்ப்பட்டால் உறையின் தசைகள் இறுக, நீரின் அழுத்தத்தால் துதிக்கை நொடிப்பொழுதில் வெளியே பாயும். ஜிப்பாவின் கையை உள்புறம் வெளியாகத் திருப்புவது போல, அதுவும் உட்புறம் வெளிப்புறமாகத் திரும்பியபடியே வரும். வந்து இரையைச் சுற்றிக்கொள்ளும். அச்சம் மிகும்போது சில புழுக்கள் துதிக்கையையே அறுத்து வெளியே விட்டுவிடும். அறுந்த பின்னும் அது சிறிது நேரம் நெளிந்துகொண்டிருக்கும். முதல்நாள் பிள்ளைகள் 'குட்டி' என்று எண்ணி அஞ்சிய வெண்ணிற நூல் எதுவென்று அப்போதுதான் விளங்கியது. நாம் கண்டது ஒரு சிற்றுயிர் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்த கடைசி முயற்சி.

அடுத்து அதன் தலையைக் கண்ணாடியின் கீழ்க் காட்டினார். தலையின் இரு பக்கமும், நுனியிலிருந்து பின்னோக்கிக் கத்தியால் கீறியது போன்ற ஒரு பிளவு. இத்தகைய நீள்பிளவு உள்ளவை லீனியஸ், செரிபிராடுலஸ் முதலியவை அடங்கிய குழுவைச் சேர்ந்தவை. இவற்றின் வாய் தலையின் அடிப்புறத்தில், துதிக்கை வெளிவரும் துளைக்குப் பின்னால் தனியே இருக்கும். துதிக்கையில் ஊசி இருக்காது. வேறொரு பெருங்குழுவுக்குத் துதிக்கையின் நடுவே கூரிய ஊசி உண்டு. அது தேய்ந்தோ உடைந்தோ போனால் மாற்றிக்கொள்ள அருகிலேயே சிறு பைகளில் மாற்று ஊசிகளும் வளர்ந்துகொண்டிருக்கும். அக்குழுவில் வாயும் துதிக்கையும் பெரும்பாலும் ஒரே துளை வழியே திறக்கும்.

கண்களின் எண்ணிக்கையும் ஓர் அடையாளம். கண் என்பது இங்கே ஒளியை உணரும் சிறு கரும்புள்ளி மட்டுமே. டெட்ராஸ்டெம்மா என்னும் சிறிய புழுக்களுக்குச் சதுரத்தின் நான்கு மூலைகள் போல நான்கு கண்கள். ஆம்பிபோரஸ் வகைக்குப் பல கண்கள் கூட்டமாக இருக்கும். செரிபிராடுலஸ் வகையில் பலவற்றுக்குக் கண்ணே இல்லை. அவற்றின் வால் நுனியில் மெல்லிய நூல் போன்ற ஓர் இழை இருக்கும், உடல் பட்டையாக அகன்றிருக்கும், அலையலையாக நெளிந்து நீந்தவும் வல்லவை. இவ்வளவையும் சொல்லிவிட்டு, "நம் கோப்பையில் உள்ளதற்கு வால் இழை தெரிகிறதா, பார்" என்று சிறுவனிடம் கண்ணாடியைக் கொடுத்தார். அவன் வெகுநேரம் பார்த்துவிட்டு, "தெரியல சார். அறுந்து போயிருக்குமோ?" என்றான். நண்பரின் முகம் மலர்ந்தது. தெரியாததையும் இல்லாததையும் ஒன்றாக்கிவிடாமல் பிரித்துப் பார்த்தவன் அவன்.

நாம் நீளத்தைக் கேட்டோம். நண்பர், நீளத்தை நம்ப வேண்டாம் என்றார். இவ்வுயிர் சுருங்கினால் ஒரு சாண், நீண்டால் அதைப்போலப் பல மடங்கு. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் கடற்கரையில் 1864-இல் புயலுக்குப் பின் ஒதுங்கிய லீனியஸ் லாங்கிசிமஸ் என்னும் புழு 55 மீட்டர் நீளம் இருந்ததாகப் பதிவு உண்டு. உலகின் மிக நீளமான விலங்கு என்று அதைச் சொல்வோர் உளர். ஆயினும் இழுத்தால் நீளும் உடலை எப்படி அளந்தனர் என்ற ஐயத்தால் அந்த அளவை அறிஞர் பலர் ஏற்பதில்லை. அப்புழு 30 மீட்டர் வரை வளரக்கூடும் என்றே பொதுவாகச் சொல்கின்றனர்.

நிறத்தையும் தனியே நம்ப இயலாது. செங்கடலில் ஆய்வு செய்த ஹெம்ப்ரிச் என்ற ஜெர்மானியர் 1825-இல் மஸ்ஸாவா நகரில் இறந்தார். உடன் பயணம் செய்த எரன்பெர்க் 1831-இல் ஒரு ரிப்பன் புழுவுக்கு அவர் பெயரைச் சூட்டினார். வெளிர் உடலும் முதுகு நெடுக ஒரு கருங்கோடும் கொண்ட அப்புழுவைக் கண்ட மாத்திரத்தில் அடையாளம் சொல்லிவிடலாம். ஆனால் இப்படி எளிதாக அமைவன சிலவே. ஐரோப்பியக் கடல்களில் வாழும் டியூபுலானஸ் அன்னுலாட்டஸ் செந்நிற உடலில் வெண்வளையங்கள் கொண்டது. அவ்வளையங்கள் வெறும் நிறமே. அவற்றை உடற்பிரிவு என்று எண்ணினால் புழுவின் இனமே மாறிப்போகும். ஆல்கஹாலில் இட்டு வைத்தால் நிறம் மங்கும், உடல் சுருங்கும், சில வேளை துண்டுகளாக உடையும். எனவே உயிருடன் இருக்கும்போதே நிறத்தையும் கண்களையும் பிளவையும் குறித்துக்கொள்ள வேண்டும். அவ்வளவு செய்த பிறகும், புறத்தோற்றத்தில் ஒன்றாகத் தெரிபவை மரபணுச் சோதனையில் வேறு வேறு இனங்களாக வெளிப்படுவதுண்டு.

"அப்படியானால் இதன் பெயர்தான் என்ன?" என்று கேட்டோம்.

"ரிப்பன் புழு என்பது உறுதி. தலையில் நீள்பிளவு உள்ள குழு என்பதும் உறுதி. அதற்கு மேல் இந்தக் கண்ணாடியை மட்டும் வைத்துக்கொண்டு சொல்லமாட்டேன்" என்றார்.

அந்த வாக்கியம் நம்மைச் சுட்டது. படித்தவர், அத்துறையிலேயே பணியாற்றுபவர், எந்த இடத்தில் நிற்க வேண்டுமோ அங்கே நின்றார். ஏதும் அறியாத நாமோ ஒரே மூச்சில் பெயரும் சொல்லி, நஞ்சும் சொல்லி, தண்டனையும் கொடுத்துவிட்டோம்.

இந்த ஒழுங்கு நமக்குப் புதியதன்று என்பதே பெரிய வருத்தம். ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர்களை அடையாளம் காண்பதற்கென்றே தனிப் பிரிவுகள் இருப்பதை மாணவர்களுக்குக் கற்பிக்கிறோம். பெயர் ஒன்றாகவும் ஆள் வேறாகவும் இருப்பவர்களைப் பிரித்தறிவதற்காகவே, ஹிஜ்ரி 463-இல் மறைந்த கதீப் அல்-பக்தாதி ஒரு பெருநூல் தொகுத்தார். கலீல் இப்னு அஹ்மத் என்ற ஒரே பெயருடைய அறுவரை இப்னுஸ் ஸலாஹ் தம் நூலில் எடுத்துக்காட்டுகிறார். பெயர் ஒத்திருக்கிறது என்பதற்காக ஒருவரின் சொல்லை மற்றவர் மீது ஏற்றிவிடக் கூடாது. ஆசிரியர் யார், மாணவர் யார், எந்த ஊர், எந்தக் காலம் என்று ஒவ்வோர் அடையாளமாகப் பார்க்க வேண்டும். ஓர் அடையாளம் பொருந்துவது போதாது. பல அடையாளங்கள் சேர்ந்து பொருந்த வேண்டும். பொருந்தாதபோது நிறுத்திக்கொள்ள வேண்டும். இமாம் மாலிக் அவர்கள் தம்மிடம் கேட்கப்பட்ட வினாக்கள் பலவற்றுக்கு 'அறியேன்' என்று மறுமொழி சொன்ன செய்தியையும் நாமே வகுப்பில் விவரித்திருக்கிறோம். நீண்டது, நெளிவது, வழவழப்பது என்ற மூன்றை மட்டும் பார்த்துப் பாம்பென்று சொன்ன நாவும் அதே நாவுதான்.

கோப்பையைத் தாழ்த்தி, புழுவை அது இருந்த இடத்திலேயே விட்டோம். புரட்டிய கற்களை முன்பு இருந்தபடியே மீண்டும் கவிழ்த்து வைத்தோம். கல்லின் அடிப்பக்கம் வெயிலில் காய்ந்தால் அங்கே ஒட்டியிருக்கும் உயிர்கள் பல மாண்டுவிடும் என்று நண்பர் விளக்கினார். ரிப்பன் புழுக்கள் பலவற்றின் உடலிலும் சளியிலும் நச்சுப்பொருள்கள் உண்டு என்பதால், வெறுங்கையால் தொடாதிருப்பதே நன்று என்றும், தொட்டுவிட்டால் கையைக் கழுவிவிட வேண்டும் என்றும் எச்சரித்தார். அச்சம் முற்றிலும் பொய்யில்லை. அச்சத்துக்கு உரிய அளவை நாம் மீறியதே பிழை.

மறுநாள் வகுப்பில் பாடத்தைத் தொடங்குமுன் எழுந்து நின்றோம். அன்று அடித்தது பாம்பன்று, தவறு நம்முடையது, சரியாகச் சொன்னவனைக் கேலி செய்தது அதனினும் பெரிய தவறு என்று பதினொரு பேர் முன்னிலையிலும் சொன்னோம். சிறுவனின் பெயரைச் சொல்லி அழைத்து மன்னிப்புக் கேட்டோம். வகுப்பில் பேச்சு மூச்சில்லை. அவன் எழுந்து, "சரி ஹஜ்ரத்" என்று மட்டும் சொல்லி அமர்ந்தான்.

எல்லாம் அத்துடன் சரியாகிவிட்டது என்று எழுத மனம் விரும்புகிறது. உண்மை அவ்வாறில்லை. அதன் பின்னும் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் அவன் வகுப்பில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்டதற்கு விடை சொல்வான். தானாக வாய் திறக்கமாட்டான். ஒரு சொல்லால் மூடிய வாயை இன்னொரு சொல்லால் உடனே திறந்துவிட முடியாது என்பதை ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒரு நாள் தண்ணீரின் சட்டங்களைப் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. அவன் கை உயர்ந்தது. கற்குழியில் தேங்கிய கடல்நீரில் சிற்றுயிர்கள் செத்துக் கிடந்து அதன் மணம் மாறியிருந்தால், அந்நீரில் உளூச் செய்யலாமா என்று கேட்டான். ஏதோ ஒரு விடை நாவின் நுனிவரை வந்தது. அதை அங்கேயே நிறுத்தினோம். "உறுதியாகத் தெரியவில்லை. நூலைப் பார்த்து நாளை சொல்கிறோம்" என்றோம். அவன் முகத்தில் சிறு புன்னகை தோன்றியது. அன்றிரவு நூல்களைப் புரட்டினோம். மறுநாள் விடையை ஆதாரத்துடன் சொன்னோம். அதன் பிறகு அவன் கேட்பதை நிறுத்தவில்லை.

பெற்றோருக்கும், நம் போன்ற ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் கையில் எதையேனும் ஏந்திக்கொண்டு "இது என்ன?" என்று வந்தால், பெயர் சொல்ல அவசரப்பட வேண்டாம். எத்தனை கண்கள், வளையம் உண்டா, செதில் உண்டா, தலை எது, வால் எது என்று அவர்களுடன் சேர்ந்து பாருங்கள். பார்த்தது எவ்வளவோ அவ்வளவு மட்டும் சொல்லுங்கள். மிச்சத்துக்கு 'தெரியாது' என்று சொல்வதால் நம் மதிப்புக் குறைந்துவிடாது. படைத்தவனின் கைவண்ணத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுப்பதும் ஒரு பாடமே. நம் பிழையை ஒப்புக்கொண்டு காட்டுவதும் ஒரு பாடமே.

அறியாததை அறிந்ததாகச் சொல்லும் பழியிலிருந்து வல்ல ரஹ்மான் நம் நாவுகளைக் காப்பானாக. நம்மால் வாய் மூடிப்போன பிள்ளைகளின் உள்ளங்களை அவன் மீண்டும் திறந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.